பதினோராவது ஓடம்

அத்தியாயம் ஒன்பது

காலை எட்டே காலுக்குச் சின்னவளிடமிருந்து வந்த செய்தியில் இரண்டே வரிகள் இருந்தன.

'அக்கா, இன்னைக்கு நாலு மணிக்குப் பாடம் அச்சுக்குப் போகுது. உன் பெட்டியில ஏன் பத்து ஓடம்தான் இருக்கு?'

பெரியவள் ஒரு காலில் செருப்போடு நின்று அதைப் படித்தாள். இன்னொரு செருப்பு எதிரிலேயே கிடந்தது. அதை வீடு முழுக்கத் தேடினாள்.

"என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வர்ற?" என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒத்தைச் செருப்போட நடக்கற?"

ஜன்னலோரத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தலை நிமிரவில்லை. ஊசிக்கு அடியிலிருந்து நீலத் துணி நழுவி, மேசை விளிம்பைத் தாண்டி, தரையில் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துணியும் ஒரு ஆறு. இந்த மாதத்துக்குள் இருபது ஆறுகள் தைத்துக் கொடுக்க வேண்டும்.

எட்டு வாரமாகப் பெரியவளோடு நடந்து வருகிறவர்களுக்கு அவள் பதற்றம் புரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வரலாம்.

மாநில வரலாற்றையும் நாட்டார் கலைகளையும் வகுப்பில் சொல்லிக்கொடுக்க, பள்ளிகளுக்குப் பெட்டிகள் தயாரித்து அனுப்பும் மையம் ஒன்றில் அவளுக்கு வேலை. கோட்டைக்கு ஒரு பெட்டி, பொம்மலாட்டத்துக்கு ஒரு பெட்டி, நெசவுக்கு ஒரு பெட்டி. திறந்தால் வரைபடம், படங்கள், தொட்டுப் பார்க்கச் சாமான்கள், கேட்க ஒலிப்பதிவு, ஆசிரியருக்கு ஒரு கையேடு. பள்ளிகள் இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பெட்டியக்கா.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் செய்த முதல் பெட்டி ஓடத்துறைப் பெட்டி. அறுபது வருடத்துக்கு முந்தி, சுங்கத்தை ஏற்றியதற்காக ஓடக்காரர்கள் மூன்று நாள் யாரையும் ஆறு கடத்தாமல் நின்ற கதை அது. உள்ளே நீலத் துணி ஆறு, மர ஓடங்கள், துறைப் பதிவேட்டின் நகல், ஓர் ஓடப் பாட்டு. பாட்டின் அட்டையில் 'பாடியவர்: ஓடக்காரர், வயது எழுபது' என்று போட்டிருக்கும்.

அப்படி ஓர் ஓடக்காரர் கிடையாது. மூன்று வாரம் இரண்டு கரையிலும் அலைந்தும் அவளுக்கு ஒரு பாட்டு சிக்கவில்லை. "ஓடம் விடறவன் எங்கம்மா பாடினான், திட்டத்தான் செஞ்சான்" என்று சிரித்தார்கள். திங்கட்கிழமை பெட்டி போயாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரத்தில் அவளே எழுதிவிட்டாள். அவ்வளவு சுலபமாக அவளுக்கு அதற்கு முன்பும் எதுவும் எழுத வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. பாடியது அப்பா. கிழட்டுக் குரல் வர, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பஞ்சு உருண்டை வைத்துக்கொண்டார். துடுப்புச் சத்தம், குளியலறை வாளியில் ஒரு கரண்டி.

அந்தப் பாட்டு இப்போது மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் வாயில் இருக்கிறது. அது மட்டும் என்றால் அவள் மென்று விழுங்கிவிட்டிருப்பாள். ஆனால் பள்ளி ஆசிரியையான அவள் தங்கை, புதிய பாடநூலுக்கு அதே ஓடத்துறையைப் பற்றி ஒரு பாடம் எழுதியிருக்கிறாள். குழுவில் எல்லோரும் மெச்சிய பாடம். அதன் உயிர் ஒரே கேள்வி: 'பதிவேட்டில் பத்து ஓடம். பாட்டில் பதினோரு ஓடம். எது சரி? யோசியுங்கள்.'

பிள்ளைகள் யோசிக்க வேண்டிய இரண்டு சாட்சிகளில் ஒன்றை அக்கா தயாரித்திருக்கிறாள். தங்கைக்கு அது தெரியாது. நாலு மணிக்குள் தெரிந்தாக வேண்டும்.

*

மையத்தின் கிடங்கு இரண்டாம் மாடியில். கிடங்குக்காரர் கதவைத் திறந்தபோதே கையில் ஒரு காகிதத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். பெட்டியில் சாமான் குறைந்தால் பள்ளிகள் எழுதி அனுப்பும் குறைச் சீட்டுகளைச் சேர்த்து வைப்பது அவர் வேலை. அதனால் மையத்தில் அவருக்குக் 'குறை' என்றே பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

"வாங்க மேடம். உங்களுக்கு ஒரு காதல் கடிதம் வந்திருக்கு."

ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து. தங்கையின் வகுப்பு. ஓடங்கள் வைக்கும் மரத்தட்டைப் பென்சிலில் வரைந்து, குழிகளுக்கு எண் போட்டிருந்தது. பத்துக் குழி. கீழே: 'ஓடம் தொலையவில்லை. தட்டிலேயே பத்துக்குத்தான் இடம். பதினொன்றாவது ஓடத்தை நீங்கள் வைக்கவே இல்லை.'

அவர் ஒரு தடித்த கோப்பை எடுத்து மேசையில் போட்டார். தூசி எழுந்தது.

"பன்னெண்டு வருஷச் சீட்டு. எல்லாத்துலயும் ஒரே வரி. 'ஓடம் ஒன்று குறைகிறது.' எண்ணிப் பார்க்கறவங்க பாட்டுல பதினொண்ணுன்னு கேட்டுட்டு எண்ணறாங்க, பத்துதான் இருக்கு, சீட்டு எழுதிடறாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா?"

"என்ன பண்ணீங்க?"

"பிள்ளைங்க திருடிட்டாங்கன்னு நாப்பது பள்ளிக்கூடத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன். ஒரு தலைமை ஆசிரியர் பாவம், தச்சரைக் கூப்பிட்டு ஒரு ஓடம் செஞ்சு அனுப்பினாரு. நான் அதைக் கோட்டைப் பெட்டியோடது, தப்பா வந்துடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

பெரியவள் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நம்ம பெட்டிக்கு ஓடம் செஞ்ச தச்சர்கிட்ட பத்துன்னு சொன்னது யாரு மேடம்?"

"நான்தான்."

"பாட்டுல பதினொண்ணுன்னு?"

பாட்டிலும் அவள் எழுதியது பத்துதான். 'பத்து ஓடம் உண்டு' என்று தெளிவாக எழுதியிருந்தாள். பாடும்போது அப்பா வாய் தவறிப் பதினொன்று என்றார். மறுபடி பதிவு செய்யலாம் என்றால் வாளித் தண்ணீரை அதற்குள் அம்மா துணிக்கு எடுத்துவிட்டாள். போகட்டும், பாட்டில் கணக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஆக, தங்கையின் பாடம் நிற்பது ஒரு பொய்யின் மேல். அந்தப் பொய் நிற்பது ஒரு வாய்த் தவறின் மேல்.

"அரை நாள் லீவு போட்டுக்கறேன்" என்றாள்.

"சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் குறை. "எதுக்கும் ஒரு சீட்டு இருக்கணும்."

*

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போனாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு கால் படிக்கட்டுப் பக்கம் போனது. போனில் சொல்லிவிடலாம். கடிதமாக எழுதலாம். நாலு மணி தாண்டிச் சொன்னால், 'ஐயோ, அச்சுக்குப் போயிடுச்சா' என்று கேட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொள்ளலாம். இந்தக் கடைசி யோசனை எவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பள்ளி வராந்தாவிலேயே பாட்டு கேட்டது.

'பதினோரு ஓடம் உண்டு, பாய்விரிக்கும் காத்தும் உண்டு,
அஞ்சு ஓடம் அக்கரையில், அஞ்சு ஓடம் இக்கரையில்,
சுங்கம் கேட்டு வந்தவனே, துணிவிருந்தா நீந்திப் போடா.'

'நீந்திப் போடா'வுக்கு முப்பது தொண்டையும் சேர்ந்து ஜன்னலை அதிரவைத்தன. ஆசிரியர் முன்னாலேயே ஒருவரை 'போடா' என்று சொல்லக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது.

மேசைகளைச் சுவரோரம் தள்ளி, அம்மா தைத்த நீல ஆற்றை வகுப்பின் குறுக்கே விரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஐந்து ஓடம், அந்தப் பக்கம் ஐந்து ஓடம். ஆற்றின் நடுவில், துணி மேல், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள்.

"இது யாரு?" என்று கேட்டாள் பெரியவள்.

"கடிதம் எழுதினவ" என்றாள் சின்னவள். முகமெல்லாம் வெளிச்சம். "அஞ்சும் அஞ்சும் பத்து, அப்ப பதினொண்ணாவது எங்கன்னு கேட்டா. நீயே சொல்லுன்னேன். போய் நடுவுல நின்னுட்டா. பார்த்தியா அக்கா, ஒரு பாட்டு பிள்ளைங்கள எப்படி யோசிக்க வைக்குதுன்னு."

துணி ஆற்றிலிருந்து சிறுமி அசையாமலே பேசினாள். "பெட்டியக்கா, பாடின தாத்தா இப்ப எங்க இருக்காரு?"

"வீட்டுல" என்றாள் பெரியவள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவர்கிட்ட கேக்கணும். பதினொண்ணாவது ஓடத்துல இருந்தது யாருன்னு."

"கேக்கறேன்."

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். "அவரு இன்னும் இருக்காரா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எழுபதுன்னு போட்டிருக்க?"

"வெளிய வா. பேசணும்."

*

படிக்கட்டுக்கு அடியில் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் இடம். காற்று இறங்கிய பந்துகளுக்கும் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவில் நின்று பெரியவள் சொன்னாள். நினைத்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துபோய், நேராக நடுவிலிருந்து ஆரம்பித்தாள்.

"அந்தப் பாட்டை எழுதினது நான்தான்."

"எழுதி எடுத்தது நீதான். தெரியும்."

"எழுதி எடுக்கலடி. எழுதினேன். நானே."

சின்னவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய் நின்றது.

"குரல்?"

"அப்பா."

"அப்பா குரல் எனக்குத் தெரியாதா?"

"பஞ்சு வச்சுக்கிட்டாரு. நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த."

"துடுப்புச் சத்தம்?"

"வாளி. கரண்டி."

"நம்ம வீட்டுக் கரண்டியா?"

"பெரிய கரண்டி. கைப்பிடி வளைஞ்சது."

சின்னவள் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்தாள். அது அவளைத் தாங்காமல் மெதுவாக அமுங்கியது.

"ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் எங்கயோ கேட்ட குரல் மாதிரி இருக்கேன்னு நெனைப்பேன்" என்றாள். "நாட்டுப் பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும், எல்லார் வீட்டுக் குரல் மாதிரியும் இருக்கும்னு பாடத்துல எழுதி வச்சிருக்கேன். முப்பத்தாறாம் பக்கம். குழுத் தலைவர் அந்த வரியைப் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு."

"நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"எப்ப? போன வருஷம் நான் முதல் தடவை எழுதிக் காட்டினேனே, அப்பவா? மூணாவது தடவை திருத்திக் காட்டினேனே, அப்பவா? உக்காந்து எனக்கு ஒற்றுப் பிழை திருத்திக் குடுத்தியேக்கா."

பெரியவளுக்கு அடி வாங்கினால்கூடத் தேவலை போலிருந்தது.

"பிள்ளைங்க கிட்ட, பதிவேடு சொல்றதை அப்படியே நம்பாதீங்க, ஜனங்க வாயில இருக்கறதையும் கேளுங்கன்னு சொல்லிக்குடுக்கறேன். நீ என்னை ரெண்டையும் நம்ப முடியாம பண்ணிட்ட." சின்னவள் எழுந்தாள். "பாட்டை எடுத்தா பாடம் நிக்காது. பாடத்தையே எடுக்கணும். மணி என்ன?"

"ஒண்ணு பத்து."

"பத்துன்னு எழுதினியா, பதினொண்ணுன்னா?"

"பத்து. அப்பா வாய் தவறி…"

"நீ சொல்றதை இனிமே நான் எப்படி எடுத்துக்கறது? அவரே சொல்லட்டும். நட."

*

இரண்டு பேரும் பேருந்தில் ஒரே இருக்கையில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வழி முழுக்கக் கடகடத்தது. சின்னவள் ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"பஞ்சு யாரோட யோசனை?"

"அப்பாவோடது."

வீட்டு நிறுத்தத்தில் சின்னவள்தான் முதலில் இறங்கி நடந்தாள்.

அப்பா காலையில் விட்ட இடத்திலேயே இருந்தார், செய்தித்தாள் மட்டும் மடிக்கு இறங்கியிருந்தது. முப்பது வருடம் பேருந்து நடத்துனராக நின்றே இருந்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து, உட்காருவதை ஒரு வேலை மாதிரி கவனமாகச் செய்கிறார்.

"பெரிசும் சின்னதும் சேர்ந்து வருது" என்றார். "வேலை நாள்ல. யாராவது செத்துட்டாங்களா?"

"பாடிட்டாங்க" என்றாள் சின்னவள். "வாயில பஞ்சு வச்சுக்கிட்டு."

அப்பா பெரியவளைப் பார்த்தார். பெரியவள் தரையிலிருந்த நீலத் துணியைப் பார்த்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"சொல்லிட்டியா?" என்றார். "நல்லதாப் போச்சு. எனக்கும் பன்னெண்டு வருஷமா நாக்கு அரிச்சுக்கிட்டே இருந்துது. குரல் எப்படி? நல்லா இருந்துதா?"

"அப்பா, ஒரே கேள்வி. பத்தா, பதினொண்ணா?"

"பதினொண்ணு."

"அக்கா பத்துன்னு எழுதியிருக்கா. நீங்க வாய் தவறிப் பாடிட்டீங்க."

"யாரு வாய் தவறினது?" அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தினம் அறுபது பேருக்கு நிறுத்தம் பேர் சொல்லிக் கத்தின வாய். ஒரு நாள் தவறினதில்ல. உங்கக்கா தப்பா எழுதியிருந்தா. நான் சரியாப் பாடினேன்."

"நானா என் மனசுலேருந்து எழுதினதுப்பா" என்றாள் பெரியவள். "அதுல சரியென்ன, தப்பென்ன?"

"காகிதத்துல நீ முதல்ல பதினொண்ணுன்னுதான் எழுதியிருந்த. அப்புறம் அதை அடிச்சுட்டு மேல பத்துன்னு போட்டிருந்த. நான் அடிச்சதைப் படிச்சேன்."

பெரியவளுக்கு அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. பேனா அழுத்தி அடித்த அந்தக் கோடும். அடித்தது ஏன் என்றும் நினைவு வந்தது: பதிவேட்டில் உரிமம் வாங்கிய ஓடம் பத்து. பாட்டு பதிவேட்டுக்கு முரணாக இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று பயம். ஆனால் முதலில் பதினொன்று என்று ஏன் எழுதினாள் என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. கை போய் எடுத்து வைத்தது, அவ்வளவுதான்.

அப்பா தொண்டையைச் செருமினார். பஞ்சு இல்லாத சொந்தக் குரலில், மெதுவாக, அடுத்த வரியை எடுத்தார்.

'மிச்சம் ஒண்ணு எங்கேன்னு சுங்கக்காரன் கேட்டாக்க…'

அந்த வரி ஒலிப்பதிவில் கிடையாது. அவள் அதை எழுதவில்லை. ஆனால் அப்பா மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் உதடுகள் தாமாக அசைந்தன.

'நட்டநடு ஆத்திலேன்னு நாணல்புல்லு சொல்லிடுமே.'

சின்னவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதையும் சேர்ந்து எழுதினீங்களா?"

"இல்லடி" என்றாள் பெரியவள். துணியின் ஒரு நுனியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எனக்கு… எனக்கு இது எப்படித் தெரியும்?"

"பாலம் வர்றதுக்கு முன்னாடி என் பஸ்ஸுக்குக் கடைசி நிறுத்தம் ஆத்தங்கரை" என்றார் அப்பா. "சனிக்கிழமை உங்கம்மா தையல் கடைக்குப் போயிடுவா. உன்னை நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போவேன். உனக்கு அஞ்சு, ஆறு வயசு. வண்டி திரும்ப இருபது நிமிஷம் ஆகும். அது வரைக்கும் நீ ஒரு ஓடத்துல உக்காந்திருப்ப. பதிவேட்டுல இல்லாத ஓடம். விட்டது ஒரு பொம்பளை. பொம்பளைக்கு உரிமம் தரமாட்டேன்னுட்டாங்க, அவங்க பாட்டுக்கு விட்டுக்கிட்டிருந்தாங்க. மறியல் நடந்தப்ப பதினெட்டு வயசாம். பத்துப் பேரும் கரையில கட்டிட்டு நின்னப்ப, இவங்க மட்டும் நடு ஆத்துல நங்கூரம் போட்டு நின்னாங்களாம், வெளியூர் ஓடம் எதுவும் வந்து ஆள் ஏத்தக் கூடாதுன்னு. அவங்க கட்டின பாட்டு. உன்னை மடியில வச்சுக்கிட்டுத்தான் பாடுவாங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதத்தைப் புதைக்க வந்த இடத்தில் கிணறு கிடைத்துவிட்டது.

பெரியவளுக்கு முகம் எதுவும் நினைவு வரவில்லை. ஈரக் கயிற்றின் வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்து போனது. பன்னிரண்டு வருடமாகத் தன் பொய் என்று நினைத்துச் சுமந்தது பொய்யே இல்லை. அதற்காக மனசு லேசாகும் என்றால், ஆகவில்லை. மூன்று வாரம் ஊரெல்லாம் தேடிய பாட்டைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"அப்ப என் பாடம் சரி" என்றாள் சின்னவள் மெதுவாக. பிறகு உடனே, "இல்ல. சரியில்ல. பாட்டு நிஜம்னாலும் அட்டை பொய்தான். ஓடக்காரர், வயது எழுபதுன்னு இருக்கு. அவங்களைத் தள்ளிட்டு இல்லாத ஒரு தாத்தாவை அங்க உக்கார வச்சிருக்க. பதிவேடு பண்ணினதையே நீயும் பண்ணியிருக்கக்கா."

அதுதான் உண்மை. பெரியவள் தலையசைத்தாள். "அட்டையை நான் மாத்தறேன். ஏன் மாத்தினேன்னு மையத்துக்கும் எழுதிக் குடுக்கறேன். வேலை போனாலும் போகட்டும்."

மூன்று நாற்பதுக்குச் சின்னவளின் போன் அடித்தது. அச்சகம். அவள் எழுந்து நின்று பேசினாள்.

"ஆமா சார், பாடம் இருக்கு. முப்பத்தாறாம் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். ஆமா, ஒரு பேர் சேர்க்கணும். என்ன பேரா? அது இன்னும் தெரியல."

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "இவ்வளவு தெரிஞ்சும் அன்னைக்கே ஏன் சொல்லல? அக்கா மூணு வாரம் அலைஞ்சாளே."

அப்பா மறுபடி செய்தித்தாளைத் தூக்கினார். அது தலைகீழாக இருந்தது. "சொல்றதில்லன்னு வாக்கு குடுத்திருந்தேன்."

"யாருக்கு?"

அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. மெஷின் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். மெஷினின் பக்கவாட்டு இழுப்பறையைத் திறந்தாள். ஊசிப் பொட்டலம், சுண்ணாம்புக் கட்டி, உடைந்த பட்டன்கள். அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, நீலத் துணியின் மேல் வைத்தாள். அனுப்புநர் இடத்தில் பெயருக்குப் பதில் பேனாவால் ஒரு சின்ன ஓடம் வரைந்திருந்தது. அஞ்சல் முத்திரை போன மாதத்தது.

"இருக்காங்களா?" என்றாள் பெரியவள். "இத்தனை வருஷமா உனக்கு எழுதறாங்களா?"

"நானும் எழுதறேன்" என்றாள் அம்மா. "இந்தத் தடவை பதில் போட வேண்டியது என் முறை. அவங்க கேட்டிருக்கறதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம மூணு வாரமா உள்ள வச்சிருக்கேன். மேல விலாசம் இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

"என்னம்மா சொல்லணும்?"

அம்மா ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். ஒரே தடவையில் கோத்துவிடுகிறவள். இன்றைக்கு மூன்று தடவை தவறியது. அப்பா செய்தித்தாளை நேராகத் திருப்பினார், ஆனால் படிக்கவில்லை.

"முதல்ல எடுத்துப் படி" என்றாள் அம்மா, பெரியவளைப் பார்த்து. "அது உன்னைப் பத்தினதுதான்."